வீட்டுக் கணினியும் நச்சுநிரல் தடுப்பு மென்பொருளும்

நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் என்பது கணினிக்குள் வரும் தீய நிரல்களைக் கண்டுபிடித்து, அவற்றை ஓடவிடாமல் தடுத்து, அப்புறப்படுத்தும் மென்பொருள். பேச்சுவழக்கில் ஆன்டிவைரஸ். கோப்போடு ஒட்டிப் பரவும் வைரஸ், தானாகவே கணினி விட்டுக் கணினி தாவும் வார்ம், நல்ல மென்பொருள்போல வேடமிட்டு வரும் ட்ரோஜன், கடவுச்சொற்களைத் திருடும் உளவு நிரல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் ஆகிய எல்லாவற்றையும் தடுப்பது அதன் வேலை. ஆனால் அது தனியாக நின்று ஒரு கணினியைக் காத்துவிடாது. முறையான உரிமமுள்ள இயங்குதளம், தவறாமல் போடப்படும் அப்டேட், வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கும் பேக்கப் ஆகிய மூன்றும் இல்லாத கணினியில், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தடுப்பு மென்பொருளும் அரைகுறைக் காவல்தான்.

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டம் ஒரு வட்டத் தலைநகரம். வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து மக்கள் வந்துபோகும் ஊர். இத்தகைய ஊர்களில் வீட்டுக் கணினி ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. கடை, இ-சேவை மையம் என்று பலரும் புழங்கும் கணினிகளோடு ஒரு பென்டிரைவ் வழியாக உறவாடிக்கொண்டே இருக்கிறது. பெருநகர வாசகர்களுக்காக எழுதப்படும் பாதுகாப்புக் குறிப்புகள் இந்த வழியை ஒரு வரியில் கடந்துபோவது வழக்கம். ஸ்ரீவைகுண்டத்துக்கோ பக்கத்திலுள்ள ஆழ்வார்திருநகரிக்கோ அது போதாது.

வரலாறு

ஐ.பி.எம். வகைத் தனிக்கணினிகளில் பரவிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் 'பிரெய்ன்' 1986இல் லாகூரில் எழுதப்பட்டது. எழுதியவர்கள் பாசித், அம்ஜத் என்ற அல்வி சகோதரர்கள். தங்கள் மருத்துவ மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களை மனத்தில் வைத்து அதை எழுதியதாக அவர்கள் பின்னாளில் சொன்னார்கள். தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் அந்த நிரலுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். பிளாப்பி வட்டின் தொடக்கப் பகுதியில் ஒளிந்திருந்த அது கைமாறிக் கைமாறி நாடுகள் தாண்டியது. திருட்டு நகலும் கைமாறும் வட்டும் சேர்ந்தால் வைரஸ் என்ற கணக்கு அன்றே தொடங்கிவிட்டது. பிளாப்பி போய் பென்டிரைவ் வந்த பிறகும் அது மாறவில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் சொல்லிக்கொள்ளும்படியான ஓர் இடம் உண்டு. சென்னையில் ஜெ. கேசவர்தனன் 1991இல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங், இந்தியாவின் தொடக்ககாலத் தடுப்பு மென்பொருள் நிறுவனங்களில் ஒன்று. ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் 'வைரஸ் செக்யூரிட்டி' என்ற பெயரில் விற்ற மென்பொருளின் உள்ளே ஓடியது சென்னையில் எழுதப்பட்ட கே7 நிரல்தான். புனேயில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து வந்த கைலாஷ் கட்கர் தொடங்கிய குவிக் ஹீல், மும்பையின் ஈஸ்கேன் ஆகியவையும் நம் கடைகளில் பரவலாகக் கிடைப்பவை.

வேலை செய்யும் விதம்

தடுப்பு மென்பொருளின் பழைய முறை அடையாளம் பார்ப்பது. ஒவ்வொரு தீய நிரலுக்கும் உரிய குறியீட்டுத் துணுக்கு ஒரு பட்டியலில் இருக்கும். கோப்பு திறக்கப்படும்போது அதில் அந்தத் துணுக்கு இருக்கிறதா என்று மென்பொருள் தேடும். பட்டியல் பழையதாகிவிட்டால், நேற்றுப் பிறந்த வைரஸ் அதன் கண்ணில் படாது. அப்டேட் ஆகாத ஆன்டிவைரஸ் இருந்தும் இல்லாததுபோலத்தான் என்பது இதனால்தான்.

தீய நிரலை எழுதுபவர்கள் குறியீட்டைச் சற்றே மாற்றி மாற்றி விடத் தொடங்கிய பிறகு, நடத்தையைக் கவனிக்கும் முறை வந்தது. ஒரு நிரல் மளமளவென்று நூற்றுக்கணக்கான புகைப்படங்களைத் திறந்து, மாற்றி, புதுப் பெயரிட்டுச் சேமிக்கிறது என்றால் அதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் அது ரேன்சம்வேராக இருக்கலாம் என்று ஊகித்து நிறுத்துவது இந்த முறை. சந்தேகமான கோப்பின் விவரத்தை இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது அடுத்த கட்டம். நெட் இல்லாத நேரத்தில் இது வேலை செய்யாது.

எல்லா வைரஸையும் தவறாமல் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை யாராலும் எழுத முடியாது என்பதைக் கணித முறையில் காட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் கோஹன். 1980களிலேயே வந்த முடிவு இது. 'நூறு சதவீதப் பாதுகாப்பு' என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்கும் எந்த மென்பொருளையும் இதை மனத்தில் கொண்டே பார்க்க வேண்டும்.

போட்ட மென்பொருள் விழித்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. 'ஐகார்' சோதனைக் கோப்பு என்பது 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட, எந்தக் கேடும் செய்யாத ஒரு கோப்பு. அதை வைரஸ்போலவே கருத வேண்டும் என்று தடுப்பு மென்பொருள் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அந்தக் கோப்பைச் சேமித்ததும் எச்சரிக்கை வர வேண்டும். வரவில்லையென்றால் காவல் உறங்குகிறது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. தமிழ் எழுதுவதற்கான மென்பொருள்கள் நாம் தட்டும் ஒவ்வொரு விசையையும் கவனித்து அதற்குரிய தமிழ் எழுத்தாக மாற்றுகின்றன. கடவுச்சொல் திருடும் நிரலும் விசைகளைத்தான் கவனிக்கிறது. அதனால் நல்ல தமிழ் மென்பொருளையே தடுப்பு மென்பொருள் சந்தேகப்பட வாய்ப்பு இருக்கிறது. அப்போது தடுப்பு முழுவதையும் அணைத்துவிடுவது தவறு. அந்த ஒரு மென்பொருளை, அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்தே இறக்கியது என்று உறுதி செய்துகொண்டு, விலக்குப் பட்டியலில் சேர்த்தால் போதும். இப்போதைய விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருப்பதால், பலருக்குத் தனி மென்பொருளே தேவைப்படாது.

பென்டிரைவ் வழி

தாலுகா ஆபீஸுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை. விண்ணப்பத்தை அச்செடுக்க வந்தவர் பென்டிரைவை நீட்டுகிறார். கடைக் கணினியில் அன்று காலையிலிருந்து எத்தனையோ பென்டிரைவ்கள் செருகப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்றில் இருந்த வார்ம் இப்போது கடைக் கணினியில் குடியிருக்கிறது. செருகிய நொடியில் அது புதுப் பென்டிரைவிலுள்ள ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களை உருவாக்கிவிடும். வீட்டுக்கு வந்து திறப்பவர் 'சான்றிதழ்கள்' என்ற ஃபோல்டரைப் பார்க்கிறார். ஃபோல்டர் படத்தின் இடது கீழ் மூலையில் ஒரு சிறிய அம்புக்குறி வளைந்து நிற்கிறது. அதைக் கவனிக்காமல் இரண்டு முறை கிளிக் செய்கிறார். உள்ளே சான்றிதழ்களும் திறக்கின்றன, பின்னணியில் வைரஸும் ஓடிவிடுகிறது. திறந்த கோப்பு சரியாகவே இருப்பதால் எதுவும் நடந்ததாகத் தெரியாது.

இதைத்தான் கடைக்காரர்கள் ஷார்ட்கட் வைரஸ் என்கிறார்கள். இந்த நிலையில் கோப்புகள் பெரும்பாலும் அழிவதில்லை, மறைக்கப்படுகின்றன, அவ்வளவுதான். 'எல்லாம் போயிடுச்சு, ஃபார்மட் பண்ணிடலாம்' என்று அவசரப்பட வேண்டியதில்லை. தடுப்பு மென்பொருளால் பென்டிரைவை முழுமையாக ஸ்கேன் செய்துவிட்டு, மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைப்பை மாற்றினால் பழைய ஃபோல்டர்கள் கண்ணுக்குத் தெரியும்.

இதற்கு முந்தைய தலைமுறை வைரஸ் ஃபோல்டர் படத்தை அணிந்துகொண்டு வரும் இஎக்ஸ்இ கோப்பு. விண்டோஸ் இயல்பாகக் கோப்பின் வால்பெயரைக் காட்டாது. அதனால் அது நிரல் என்பதே தெரியாமல் போகும். 'ஃபைல் எக்ஸ்டென்ஷன்' காட்டும் அமைப்பை வீட்டுக் கணினியில் இயக்கி வைப்பது ஒரு நிமிட வேலை, செலவில்லாத காவல். பென்டிரைவைச் செருகியதும் அதிலுள்ள நிரல் தானாக ஓடும் பழைய விண்டோஸ் வசதியை, எக்ஸ்பி, விஸ்டா கணினிகளிலும் முடக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2011இல் அனுப்பியது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்த கணினிகளுக்கு அந்தப் பலன் போய்ச் சேரவில்லை.

கடைக்குப் பென்டிரைவே கொண்டுபோகாமல் இருக்க இன்று வழிகள் உண்டு. அச்செடுக்க வேண்டிய பிடிஎஃப்பை மின்னஞ்சலில் அனுப்பலாம். அரசு ஆவணங்களுக்கு டிஜிலாக்கர் இருக்கிறது. பலர் கடைக் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து அச்செடுத்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். அது பென்டிரைவைவிட ஆபத்து. போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைப் பார்த்து, கடைக் கணினியைக் கையோடு நீக்கிவிட வேண்டும்.

கிராக்

வீட்டுக் கணினிக்கு வரும் பெருங்கேடு வெளியிலிருந்து யாரோ தாக்குவதால் வருவதில்லை. பெரும்பாலும் நாமே கதவைத் திறந்து அழைத்து வருகிறோம். புதிய கணினி வாங்கும்போதோ பழையதை ஃபார்மட் செய்யும்போதோ, 'ஓஎஸ் போட்டுத் தர்றேன்' என்று சொல்லிப் போடப்படும் விண்டோஸ் பல இடங்களில் கள்ள உரிமம். அதோடு ஆஃபீஸ், ஃபோட்டோஷாப், தமிழ் எழுத்துருத் தொகுப்பு எல்லாம் ஒரே பென்டிரைவிலிருந்து இறங்கும். உரிமத்தை ஏமாற்றும் 'ஆக்டிவேட்டர்' நிரலோடு வரும் குறிப்பின் முதல் வரி பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்.

அந்த ஒரு வரியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. தடுப்பை அணைத்துவிட்டு, முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலுக்கு நிர்வாகி உரிமை கொடுத்து ஓடவிடுகிறோம். அதன் பிறகு தடுப்பை மறுபடி இயக்கினாலும் உள்ளே வந்தது விலக்குப் பட்டியலில் தன்னைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். கள்ள விண்டோஸ் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அப்டேட்டும் நிறுத்தப்படுகிறது. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னாக்ரை ரேன்சம்வேர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. இடைப்பட்ட இரண்டு மாதத்தில் அதைப் போட்டுக்கொண்ட கணினிகளுக்குள் அது அந்த வழியாக நுழைய முடியவில்லை.

வீட்டுக் கணினிகளை அதிகமாகத் தாக்கிய ரேன்சம்வேர்களில் ஒன்றான ஸ்டாப் (ஜாவு என்றும் சொல்வார்கள்) பரவியது பெரும்பாலும் உரிமப் பூட்டை உடைத்த கிராக் மென்பொருள்கள் வழியாகத்தான். ஒரு குடும்பத்தின் கல்யாண ஆல்பம், பிள்ளையின் புராஜெக்ட், கடைக் கணக்கு எல்லாம் ஓர் இரவில் திறக்க முடியாதவையாகிவிடுகின்றன. இலவசமாகக் கிடைத்த ஃபோட்டோஷாப்பின் உண்மையான விலை அது. பணம் கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு லிப்ரெ ஆஃபீஸ், ஜிம்ப், லினக்ஸ் எல்லாம் நேர்மையாகவே இலவசமாகக் கிடைக்கின்றன. கள்ளப் பிரதி போட்டுக்கொண்டு ஆண்டுதோறும் ஆன்டிவைரஸ் சந்தா கட்டுவதைவிட இவற்றுக்கு மாறுவது எல்லா விதத்திலும் மேல்.

அரசு லேப்டாப்பும் பழைய கணினிகளும்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பல வீடுகளுக்கு முதல் கணினியே அந்த லேப்டாப்தான். தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் பாஸை அழித்துவிட்டு அந்த இடத்தைப் படங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது வருத்தமான விஷயம்.

விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14உடன் நின்றது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. ஆதரவு நின்ற இயங்குதளத்தில் ஆன்டிவைரஸ் மட்டும் புதிதாக இருந்து அதிகப் பயனில்லை. விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்பில் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் பாடம் படிக்கவும் விண்ணப்பம் போடவும் அது உழைக்கும்.

விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்ட்டின் டிஃபெண்டர் இயங்குதளத்தோடே வருகிறது. முறையான உரிமமும் தவறாத அப்டேட்டும் உள்ள வீட்டுக்கு அதுவே போதும் என்பது இக்கட்டுரையின் முடிவு. வேறு தடுப்பு மென்பொருளைப் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் வெளியிலிருந்து வாங்கிய இரண்டை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் ஒன்றையொன்று சந்தேகித்துக் கணினியைத் திணறடிக்கும். டிஃபெண்டரில் 'கட்டுப்படுத்தப்பட்ட ஃபோல்டர் அணுகல்' என்ற வசதி இருக்கிறது. குறிப்பிட்ட ஃபோல்டர்களில் உள்ள கோப்புகளை அறிமுகமில்லாத நிரல்கள் மாற்றாமல் அது தடுக்கும். இயல்பாக அணைந்தே இருக்கும், நாம்தான் இயக்க வேண்டும்.

தடுப்பு மென்பொருளும் ஒரு மென்பொருள்தான், அதற்கும் ஓட்டை உண்டு. ஈஸ்கேனின் அப்டேட் பாதுகாப்பற்ற இணைப்பில் வந்துகொண்டிருந்ததைப் பயன்படுத்தி 'குப்டிமைனர்' என்ற தீய நிரல் பரப்பப்பட்டதை அவாஸ்ட் என்ற இன்னொரு தடுப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டார்கள். ஈஸ்கேன் அந்த ஓட்டையை அதற்கு முந்தைய ஆண்டே அடைத்துவிட்டது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின.

கூடங்குளம் காட்டியது

தென் தமிழகத்தில் உலகம் கவனித்த நச்சுநிரல் நிகழ்வு திருநெல்வேலி மாவட்டத்தின் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நடந்தது. 2019 செப்டம்பர் 4 அன்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் அங்கு ஒரு கணினியில் தீய நிரல் இருப்பதைத் தெரிவித்தது. அக்டோபர் இறுதியில் செய்தி வெளியானபோது நிலையம் தாக்குதலை மறுத்து அறிக்கை விட்டது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் நச்சுநிரல் இருந்ததை உறுதிப்படுத்தியது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைக்கப்பட்ட ஒரு பயனரின் கணினி என்றும், உலையை இயக்கும் வலையமைப்பு அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது என்றும் கழகம் விளக்கியது. 'டிட்ராக்' என்ற உளவு நிரல் அது என்று வெளி ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

தகுந்த வசதியுள்ள ஒரு நிறுவனத்தின் கணினிக்குள்ளேயே தீய நிரல் நுழைந்திருக்கிறது. சேதம் பரவாமல் காத்தது பிரித்து வைத்த ஏற்பாடு. வீட்டிலும் அதைச் சிறிய அளவில் செய்யலாம். கணினியில் நிர்வாகிக் கணக்கு ஒன்று, அன்றாடம் புழங்கச் சாதாரணக் கணக்கு ஒன்று, கேம் விளையாடும் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு ஒன்று. பிள்ளை இறக்கும் எதுவும் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்காமல் கணினி முழுவதையும் தொட முடியாது.

வெள்ளமும் பேக்கப்பும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழை யாரும் எதிர்பாராதது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. தாமிரபரணிக் கரை ஊர்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மேசைக்குக் கீழே வைத்த சிபியு, அதன் பக்கத்திலேயே இழுப்பறையில் வைத்த வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டையும் ஒரே தண்ணீர் சேர்த்து நனைக்கும்.

பேக்கப் என்பது தரவு இழப்புக்கு எதிரான கடைசிக் காவல். அந்தக் காவல் கணினி இருக்கும் அறையிலேயே இருக்கக் கூடாது. எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை ரேன்சம்வேரும் சேர்த்துப் பூட்டும். ஒரு பிரதியை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து மேல் பரணிலோ மேட்டுப் பகுதியில் உள்ள உறவினர் வீட்டிலோ வைக்கலாம், இன்னொன்றை மேகச் சேமிப்பில் வைக்கலாம். நனைந்த ஹார்ட் டிஸ்க்குக்கு 'வேலை செய்யுதா பார்ப்போம்' என்று மின்சாரம் கொடுக்கவே கூடாது. அதில்தான் மீட்கக்கூடிய தரவும் போகிறது.

பாதிப்பு நேர்ந்த பிறகு

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு பிறர் கணினியில் வைரஸ் புகுத்துவதை இழப்பீட்டுக்குரிய செயலாக வகைப்படுத்துகிறது. அதை நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வங்கிப் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்த்த மோசடிக்காரருக்குக் கிடைக்கும் அவகாசம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரத்தின் தளத்தில் தீய நிரல் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

'உங்கள் கணினியில் வைரஸ்' என்று பிரவுசரில் அலறி ஒரு போன் எண்ணைக் காட்டும் பக்கம் எந்தத் தடுப்பு மென்பொருளின் எச்சரிக்கையும் அல்ல. அந்த எண்ணை அழைக்கக் கூடாது. பக்கத்தை மூட முடியாவிட்டால் கணினியையே அணைத்துவிடலாம்.

உண்மையாகவே தாக்கப்பட்டிருந்தால் முதலில் நெட்டைத் துண்டிக்க வேண்டும். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து மாற்ற வேண்டும். ரேன்சம்வேர் பூட்டிய கோப்புகளைக் கோபத்தில் அழிக்க வேண்டாம். அவற்றையும் பணம் கேட்கும் குறிப்புக் கோப்பையும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு கணினியை ஃபார்மட் செய்து புதிதாக இயங்குதளம் போடலாம். நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில், பல வகை ரேன்சம்வேர்களுக்கான திறவு கருவிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஸ்டாப் வகைக்கு எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019 அக்டோபரில் இலவசக் கருவி வெளியிட்டபோது அதன் 148 உருவங்களுக்கு வழி பிறந்தது. பூட்டிய கோப்புகளை அதுவரை பத்திரப்படுத்தியிருந்த பலர் பணம் கொடுக்காமலே அவற்றைத் திரும்பப் பெற்றார்கள்.